சாட்சி நாக்கு

ஆறு கிழவிகள் புடைசூழ அந்த இளைஞன் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தான்.

ஐஸ் கம்பெனிச் சுவரோரம் பதுங்கி நின்ற இசக்கியப்பனுக்கு அவனைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் கிழவிகளைப் பற்றித்தான். அவர்கள் மேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது.

இளைஞன் பெயர் ரோஷன். வயது இருபத்திரண்டு. பிறந்தது வளர்ந்தது எல்லாம் இதே தூத்துக்குடிதான். ஆனால் சாப்பாட்டில் அவன் ஒலிவப் பந்தி. ஒலிவ எண்ணெய், ரொட்டி, பாலாடைக்கட்டி என்று மத்தியதரைக் கடல் சமையலைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஊரில் அந்தப் பெயர். அவனை வெட்டிச் சாய்த்தால் ஒலிவச் சமையலின் ஆயுள் சராசரி இறங்கும். அவனைச் சூழ்ந்து வரும் தொண்ணூறு வயதுக் கிழவிகளில் ஒருத்தி செத்தாலோ, சராசரி ஏறிவிடும். எதிரிக்கு நாமே வெற்றியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த மாதிரி. அதனால்தான் இளசுகள் யாரும் நரைவளையம் இல்லாமல் தெருவில் இறங்குவதில்லை. கிழவிகளிடம் ஆயுதம் கிடையாது. அவர்களுடைய வயதுதான் ஆயுதம்.

இசக்கி பாய்ந்தான்.

"வெட்டுலே! தைரியம் இருந்தா என்னைய வெட்டு! தொண்ணூத்தி மூணு எனக்கு!" முதல் கிழவி நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு அரிவாளுக்கு நேரே வந்து விழுந்தாள். இசக்கி கையைத் திருப்பினான். அரிவாள் விளக்குக் கம்பத்தில் மோதித் தீப்பொறி பறந்தது. இன்னொருத்தி அவன் முகத்தைப் பத்து விரலாலும் பிறாண்டினாள்.

அவன் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான். தோளில் கிடந்த வீச்சு வலையை உருவி, அப்பன் பாட்டன் மீனுக்கு வீசிய மாதிரியே வீசினான். ஆறு பேரும் வலைக்குள் பொத்தென்று உட்கார்ந்தார்கள். காயம் இல்லை. வசவு மட்டும் வந்தது.

ரோஷன் ஓடினான். பத்தடிகூடப் போகவில்லை. இசக்கியின் முதல் வெட்டு குதிகாலில் விழுந்தது. பையன் தார்ச்சாலையில் முகம் தேயக் கவிழ்ந்தான்.

"அண்ணே, அண்ணே, நான் மாறிட்டேண்ணே!" அவன் திரும்பிப் படுத்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "நேத்துலேருந்து சோறு கொழம்புதான் திங்கேன். எங்க வீட்ல கேளுங்கண்ணே!"

"நாக்குல இருக்க பதிவி மாற ஒரு வருஷம் ஆகும் தம்பி."

இரண்டாவது வெட்டு கழுத்தில். மூன்றாவது தேவைப்படவில்லை. கிழவிகள் வலைக்குள்ளிருந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்கள். தெருமுனையில் இருந்த பெரிய தரப்பலகையில் ஒலிவத்துக்கு நேராக இருந்த எண் கண்சிமிட்டியது. 47.31 என்பது 47.23 ஆனது. தமிழ்ச் சமையல் 47.11.

டீக்கடையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

எல்லாம் ஒரு நல்ல கேள்வியில் தொடங்கியதுதான். உலகத்துச் சமையல்களிலேயே உடம்புக்கு நல்லது எது? ஜப்பான்காரர் மீன் சூப்பைக் காட்டினார். கிரேக்கர் ஒலிவ எண்ணெயைக் காட்டினார். கொரியாக்காரர் புளித்த முட்டைக்கோசைக் காட்டினார். நம்மவர் இட்லியைக் காட்டினார். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காததால், உலக உணவு மன்றம் பொறுப்பை ஓர் இயந்திரத்திடம் கொடுத்தது. அதுதான் நாப்பதிவி. கடுகளவுதான் இருக்கும். நாக்கின் அடியில் பதித்துவிட்டால், உள்ளே போகிற கவளம் எந்தச் சமையல் என்று மோப்பம் பிடித்து மன்றத்துக்குச் சொல்லும். ஒவ்வொரு சமையலுக்கும் உலகம் முழுக்க ஐயாயிரம் பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்கள் சாட்சி நாக்குகள். எந்தச் சாட்சி எந்த வயதில் சாகிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தால், ஆளை நெடுநாள் வைத்திருக்கும் சாப்பாடு எதுவென்று தெரிந்துவிடும் அல்லவா?

முதல் சில ஆண்டுகள் சாவுக்கான காரணத்தையும் குறித்தார்கள். மாரடைப்பில் செத்தவனை விபத்தில் செத்தவனாகக் காட்ட எல்லா நாடுகளும் டாக்டர்களைப் பிடித்தன. சலித்துப்போன மன்றம், காரணம் என்கிற கட்டத்தையே தூக்கிவிட்டது. விபத்தும் சாப்பாட்டின் விளைவுதான், மந்தமான சாப்பாட்டைச் சாப்பிட்டவன்தான் லாரியில் அடிபடுவான் என்று ஒரு விஞ்ஞானி விளக்கமும் தந்தார். உலகத்தின் முதல் அரிவாள் அன்று சாயங்காலமே தீட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் பரிசு சின்னதல்ல. முதலிடம் வந்த சமையலின் பயிருக்குத்தான் அடுத்த ஆண்டு முழுக்க ஆற்றுத் தண்ணீர். போன ஆண்டு ஒலிவம் வென்றது. தாமிரபரணித் தண்ணீர் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒலிவ மரங்களுக்குப் போனது. நெல்வயல் பாளம் பாளமாக வெடித்தது. ஏதென்ஸில் சாம்பார் சாப்பிட்டவனும் ஒசாகாவில் ரொட்டி சாப்பிட்டவனும் அங்கங்கே குத்துப்பட்டார்கள். எழுபத்தெட்டில் தொடங்கிய சராசரிகள் நாற்பத்தேழுக்கு வந்துவிட்டன. இருந்தாலும் மன்றம் பலகையை நிறுத்தவில்லை. ஆராய்ச்சி இன்னும் முடியவில்லையாம்.

இசக்கி முகத்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டு ஞானம் மெஸ்ஸுக்குப் போனான். மெஸ்ஸின் முதலாளி ஞானதுரை அண்ணாச்சிதான் ஊரின் தமிழ்ப் பந்திக்குத் தலைவர். எப்போதும் பாட்டும் சத்தமுமாக இருக்கும் இடம் அன்றைக்கு மௌனமாக இருந்தது. அண்ணாச்சி ஈரத் தலையோடு தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் மேல் நல்லெண்ணெய் வாடை அடித்தது.

"முடிஞ்சுது அண்ணாச்சி."

"பாத்தேம்லே. பலகை எறங்குச்சு. உக்காந்து சாப்பிடு."

"என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரியா இருக்கிய?"

"எங்கம்ம காலையில போயிட்டாலே."

இசக்கிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "முந்தாநாள்கூட வாசல்ல உக்காந்து மீன் அரிஞ்சிக்கிட்டு இருந்தாவளே! என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல." அண்ணாச்சி தம் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். "எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டினேன். எளநி குடுத்தேன். நானேதான்."

இசக்கிக்குப் புரிந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் ஆண்டுக்கணக்காகப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் உயிர்களை அனுப்பிவைக்க வீட்டுக்காரர்களே ரகசியமாகச் செய்கிற காரியம் அது. தலை நிறைய எண்ணெய், குளிரக் குளிரக் குளியல், வயிறு முட்ட இளநீர். ஆனால் அண்ணாச்சியின் அம்மா படுத்துக் கிடக்கவில்லை.

"தொண்ணூத்தாறுலே அவளுக்கு. பலகையப் பாத்தியா, எப்படி ஏறி நிக்குன்னு? நாமளும் வெட்டுதோம், அவனுவளும் வெட்டுதானுவ. எறக்கி எறக்கி எத்தன நாளைக்கு ஓட்டுறது? மிச்சம் இருக்க ஒலிவப் பயலுவ எல்லாம் இனி வாசப்படி தாண்ட மாட்டானுவ. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வருசக் கணக்கு மூடுது. இன்னும் ஒரே ஒரு ஆளு போதும்." அவர் இசக்கியின் இலையில் தாமே குழம்பை ஊற்றினார். "ஒங்கப்பா."

இசக்கியின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"எங்கப்பா நேத்து பரோட்டா கேட்டு எங்கிட்ட சண்ட போட்டாரு அண்ணாச்சி. அவருக்கு ஒண்ணுமில்ல."

"எங்கம்மைக்கு மட்டும் என்ன இருந்துச்சு?" அண்ணாச்சியின் குரல் உயரவில்லை. "இந்த ஊர்ல தொண்ணூறு தாண்டின தமிழ் நாக்கு இனி அவரு ஒருத்தருதாம்லே. நெல்லு வெளையணுமா வேண்டாமா? அவனவன் வீட்ட அவனவன் பாத்துக்கிடணும். சாயங்காலத்துக்குள்ள நீ செய்யலேன்னா நம்ம பயலுவ வருவானுவ. அவனுவளுக்குப் பதமா எண்ணெ தேய்க்கத் தெரியாது. சொல்லிட்டேன்."

இசக்கியின் அப்பா சங்கரபாண்டி அந்தக் காலத்தில் உப்பு லாரி ஓட்டியவர். தொண்ணூற்றொரு வயதிலும் வாய் மட்டும் நாலாவது கியரில் போகும். மகனைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"என்னலே, மூஞ்சியெல்லாம் கீறல்? யாருக்கும் தெரியாமக் கல்யாணம் கெட்டிக்கிட்டியா?"

"எப்பா, ஞானதுரை அண்ணாச்சியோட அம்ம போயிட்டாவ."

கிழவர் அவனையே பார்த்தார். "எண்ணெயா?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டான்.

"ம். அப்ப அடுத்தது நானு." அவர் கட்டிலில் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தக் கடுக நாக்குக்கடியில வச்ச நாள்லேருந்து ஒரு பரோட்டா உண்டாலே எனக்கு? அது தமிழ்ச் சமையலா இல்லையான்னு மன்றத்துல பதினோரு வருசமா பேசுதானுவ. கம்பங்கூழும் அவிச்ச இட்லியுமாத் தின்னு ஒடம்ப வச்சிருக்கேன். எதுக்கு? ஒங்க பலகையில ஒரு புள்ளி ஏறதுக்கா? மாட்டேம்லே. நான் சாவ மாட்டேன். அவன்ட்ட போய்ச் சொல்லு."

"சொன்னாக் கேக்க மாட்டாவப்பா. வந்துகிட்டே இருப்பானுவ."

"ஓடிருவமா?"

"எங்க ஓடினாலும் பதிவி காட்டிக் குடுத்துரும்."

சொல்லும்போதே இசக்கிக்கு அந்த எண்ணம் தோன்றியது. கிழவருக்கும் அதே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கை மேலே மடித்துக் காட்டினார். அடியில் ஊதாப் புள்ளியாகப் பதிவி ஒளிர்ந்துகொண்டிருந்தது.

பதிவி இல்லாத நாக்கு யாருக்கும் சாட்சி இல்லை. சாட்சி இல்லாத கிழவனுடைய வயது பலகையில் ஏறாது. ஏறாத வயதுக்காக யாரும் எண்ணெய் காய்ச்ச மாட்டார்கள். ஆனால் பதிவியைப் பிடுங்கினால் மன்றச் சிறைதான். கொலையைக்கூடக் கண்டுகொள்ளாத மன்றம், பதிவியில் கை வைத்தவனை மட்டும் விடாது.

இசக்கி மீன் அரியும் சின்னக் கத்தியை அடுப்பில் சுட்டு எடுத்து வந்தான். ஒரு கையால் நாக்கைத் துணியோடு பற்றி இழுத்தான். கத்தி பிடித்த கை வெடவெடவென்று ஆடியது.

கிழவர் நாக்கை விடுவித்துக்கொண்டு சொன்னார். "ஊரான் பிள்ளைய வெட்டும்போது நடுங்காத கை. எனக்கு மட்டும் நடுங்குது பாரு."

பிறகு தாமே வாயைத் திறந்தார்.

பதிவி சிலந்தி மாதிரி சதைக்குள் கால் பரப்பி வேரோடியிருந்தது. அது தனியாக வரவில்லை. நாக்கில் கால்வாசியோடு வந்தது. கிழவரின் கத்தல் முதலில் கத்தலாகவும் பிறகு ரத்தம் கொப்பளிக்கும் சத்தமாகவும் கேட்டது. இசக்கியின் உள்ளங்கையில் கிடந்த கடுகு, பிடித்து அடிக்கப்பட்ட எலிபோலக் கீச்சிட்டு மன்றத்துக்குச் செய்தி சொல்லிக்கொண்டே இருந்தது.

கதவை உடைத்துக்கொண்டு வந்தது மன்றம் அல்ல. ஞானதுரையின் ஆட்கள். நான்கு பேர் கையில் அரிவாள். பின்னால் அண்ணாச்சி கையில் ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் ஒரு குலை இளநீரும்.

இசக்கி அப்பாவுக்கு முன்னால் நின்று சண்டை போட்டான். அவனைக் கொல்ல அவர்களால் முடியாது. முப்பத்தொன்பது வயதுத் தமிழ்ச் சாட்சியைச் சாய்த்துச் சொந்தப் பந்தியின் புள்ளியை யாராவது இறக்குவார்களா? அதனால் கை காலுக்கே குறி வைத்தார்கள். இசக்கிக்கு அந்தக் கட்டுப்பாடு இருந்தாலும் அன்றைக்கு அவன் அதை மதிக்கவில்லை. ஒருவனுக்குத் தோள்பட்டை பிளந்தது. இன்னொருவன் குடலைக் கையில் பிடித்தபடி வாசலில் உட்கார்ந்தான். இசக்கியின் இடது கையில் இரண்டு விரல்கள் தரையில் விழுந்தன.

"நிறுத்துங்கலே!" அண்ணாச்சி கத்தினார். கிழவரின் வாயையும் இசக்கியின் காலடியில் கிடந்த செத்த கடுகையும் அப்போதுதான் பார்த்தார். அவர் முகம் அழுகிற குழந்தையின் முகம் போல ஆனது.

"அறுத்துட்டியாலே? அப்ப எங்கம்ம செத்தது?" இளநீர்க் குலை அவர் கையிலிருந்து நழுவி உருண்டது. "எங்கம்ம சும்மாவாலே செத்தா?"

கூரைக்கு மேல் மன்றத்தின் பறக்கும் வண்டி வந்து நின்ற காற்றில் ஓடுகள் சிதறின.

மறுநாள் மத்தியானம் ஒலிவம் வென்றது. தாமிரபரணி இன்னோர் ஆண்டுக்கு ஒலிவ மரங்களுக்குப் போனது.

தேரிக்காட்டுச் செம்மணலுக்கு நடுவே நின்றது மன்றச் சிறை. பதிவியைப் பிடுங்கியவர்கள், உடைத்தவர்கள், ஏமாற்றியவர்கள் என்று பல சமையல்களையும் சேர்ந்த இருநூறு பேர் அங்கே அடைபட்டிருந்தார்கள். நுழைந்ததும் எல்லாருக்கும் நாக்கின் மறுபக்கத்தில் புதிய பதிவி பொருத்தப்பட்டது. சாட்சிகளை இழக்க மன்றத்துக்கு மனமில்லை.

சாப்பாடு ஒன்றுதான். களி. கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கிண்டி, கல் போல் உருட்டி, அலுமினியத் தட்டில் டங்கென்று போடுவார்கள். உப்பு கிடையாது. பக்கத்தில் கொஞ்சம் கீரைத் தண்ணீர்.

"எல்லாப் பயலும் களி திம்ப களி திம்பன்னு என்னையத் திட்டுவானுவ," என்றார் கிழவர். நாக்கு குறைந்துவிட்டதால் அவர் பேச்சு கூழாகத்தான் வந்தது. இசக்கிக்கு மட்டும் புரியும். "கடைசியில தின்னுட்டேன்."

"ருசி தெரியுதாப்பா?"

"களிக்கு என்னலே ருசி? நீ என் நாக்க அறுத்தது இதுக்கு மட்டும் ரொம்ப ஒத்தாசை."

அங்கே ஓர் அதிசயம் நடந்தது. இசக்கியும் அப்பாவும் ஒரே அறையில். பக்கத்து அறையில் இருந்தவன் ஒலிவப் பந்தி. எதிர் அறையில் ஜப்பான் பந்தி. வெளியே பார்த்திருந்தால் கழுத்தைச் சீவியிருப்பார்கள். இங்கே எல்லார் தட்டிலும் அதே உருண்டை. கொல்வதற்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. மாலையில் சேர்ந்து கைப்பந்து விளையாடினார்கள். அந்த ஒலிவக்காரன் ரோஷனின் சொந்தக்காரன் என்று இசக்கிக்குத் தெரியவந்த அன்று மட்டும் அவனால் விளையாட முடியவில்லை. அவனுக்கு இசக்கி யாரென்று தெரியாது. தட்டிலிருந்த கீரைத் தண்ணீரை இசக்கியின் பக்கம் நகர்த்தினான். "ஒடம்பு சரியில்லையாண்ணே?" என்று கேட்டான்.

ஓராண்டு ஒரே சாப்பாடு. அதனால் நாப்பதிவிகள் எல்லாம் மாறின. எந்தச் சமையலிலும் அடங்காத அந்த உருண்டைக்கு இயந்திரம் தானாகவே பலகையில் ஒரு வரி ஒதுக்கியது: 'சிறைக் களி.' சிறைக்குள் இளைஞர்கள் யாரும் சாகவில்லை. செத்தவர்கள் எல்லாம் வயதாகிச் செத்த ஆயுள் கைதிகள். ஆண்டு முடிந்தபோது ஒலிவம் நாற்பத்து மூன்று, தமிழ் நாற்பத்தொன்று, ஜப்பான் நாற்பத்து நான்கு. களி எழுபத்து நான்கு.

உலகம் வாயைப் பிளந்தது. இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்கு விடை கிடைத்துவிட்டது! கேழ்வரகின் நார்ச்சத்தைப் புகழ்ந்து கட்டுரைகள் வந்தன. உப்பில்லாததன் மகிமையை டாக்டர்கள் விளக்கினார்கள். பாரிஸில் களிக்கடை திறந்தார்கள். ஆறுகள் கேழ்வரகுக் கொல்லைகளுக்குத் திருப்பப்பட்டன. ஞானம் மெஸ்ஸிலும் இலையில் களி உருண்டை என்று வார்டன் ஒருவன் வந்து சொன்னபோது கிழவர் சிரித்த சிரிப்பில் வாயோரம் எச்சில் வழிந்தது.

"அந்தப் பயலுவளுக்கு விசயம் புரியல பாத்தியா? களி நல்லதுன்னா நாம இருக்கோம்? கொலை செய்ய ஆளு இல்லாம இருக்கோம்லே."

ஆனால் வெளியே இருந்த பந்திகளுக்கு அது புரிந்துவிட்டது. அவர்கள் முட்டாள்கள் இல்லை. அடுத்த ஆண்டே ஒவ்வொரு பந்தியும் தன் சாட்சிகளை வாரிக்கொண்டு போய் உயர்ந்த மதிலுக்குள் அடைத்தது. உலகம் முழுக்கச் சாட்சிச் சிறைகள் முளைத்தன. தெருவில் அரிவாள் ஓய்ந்தது. சராசரிகள் கிடுகிடுவென்று ஏறின. இசக்கி உள்ளே வந்த மூன்றாம் ஆண்டின் கடைசி நாள் காலையில் சிறை முற்றத்துத் தரப்பலகை இப்படி நின்றது: ஒலிவம் 71.90. சிறைக் களி 71.40.

இசக்கிக்கு நாற்பத்திரண்டு வயது. அப்பாவுக்குத் தொண்ணூற்று நான்கு. அந்தச் சிறையில் அவரைவிட மூத்தவர் இல்லை.

காலைச் சாப்பாட்டு வண்டி போன சற்று நேரத்தில் வராந்தாவில் காலடி கேட்டது. முதலில் வந்தது வாடை. நல்லெண்ணெய்.

சூப்பிரண்டு அருமைநாயகம் கம்பிக்கு அப்பால் வந்து நின்றார். மரியாதையான மனிதர். களி முதலிடம் வந்த பிறகு மாலை, பேட்டி, மன்றத்தில் பதவி என்று ஆளே மினுமினுவென்று ஆகியிருந்தார். அவர் கையில் ஒரு பித்தளைக் கிண்ணம். பின்னால் நின்ற வார்டன்கள் இருவரில் ஒருவன் தோளில் இளநீர்க் குலை.

"பெரியவருக்கு உடம்புச் சூடு அதிகமா இருக்காம். டாக்டர் சொன்னாரு," என்றார். "ஒரு எண்ணெய்க் குளியல் போட்டுரலாம்னு."

கிழவர் சுவரில் ஒட்டிக்கொண்டார். வாயிலிருந்து கூழாக ஏதோ வந்தது.

"என்ன சொல்றாரு?"

"ஒங்க அம்மைக்குப் போய் ஊத்தச் சொல்லுதாரு."

சூப்பிரண்டு கோபப்படவில்லை. "இசக்கியப்பா, நீ விவரமானவன். தேரிக்காட்டைச் சுத்தி ஆயிரம் குடும்பம் கேழ்வரகு போட்டிருக்கு. இன்னைக்கு மத்தியானம் நாம விழுந்தா அவங்களுக்குத் தண்ணி கெடையாது. ஒரு கிழவரா, ஆயிரம் குடும்பமா? நீயே சொல்லு. இந்த வருசம் நம்மள்ல செத்தது பத்தே பேரு. இவரு ஒருத்தரு சேந்தா நாம ஒலிவத்தைத் தாண்டிருவோம்." அவர் கண்ணைக் காட்ட, வார்டன் பூட்டில் சாவியை நுழைத்தான்.

பத்தே பேர். அந்த வார்த்தை இசக்கியின் மண்டைக்குள் மணி மாதிரி அடித்தது. கிழவர் செத்தால் ஏறும். அவன் செத்தால்?

படுக்கைக்கடியில், சிமெண்டுத் தரையில் மாதக்கணக்காகத் தேய்த்துக் கூராக்கிய கரண்டிக் காம்பு ஒன்றை அவன் வைத்திருந்தான். சிறையில் எல்லாரிடமும் இருக்கும். அதை எடுத்தான். வார்டன்கள் தடியை ஓங்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். இசக்கி காம்பின் கூரைத் தன் கழுத்தில், காதுக்குக் கீழே துடிக்கிற இடத்தில் வைத்து அழுத்தினான். ரத்தம் ஒரு கோடாக இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது.

"நாப்பத்திரண்டு சார் எனக்கு. கதவு திறந்துச்சுன்னா நான் விழுவேன். ஒங்க களி முதலிடம் இல்ல, மூணாவது எடத்துக்கும் தேறாது. கணக்குப் போட்டுப் பாருங்க."

சூப்பிரண்டு கணக்குப் போட்டார். அவர் உதடுகள் அசைவது தெரிந்தது. மினுமினுப்பு முகத்திலிருந்து வடிந்தது.

"வெளையாடாதலே."

"தொட்டுப் பாருங்க."

ஒரு வார்டன் சாவியைத் திருப்பப் பார்த்தான். இசக்கி காம்பை இன்னும் ஒரு நெல்லளவு உள்ளே தள்ளினான். ரத்தம் கோடாக இல்லாமல் பட்டையாக வந்தது. சூப்பிரண்டு பாய்ந்து அந்த வார்டனைப் பளாரென்று அறைந்தார். "டேய், அவனக் கொன்னுராதடா!"

எல்லா அறைகளும் கம்பியில் முகம் பதித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. இளைஞர்கள் சிலர் தங்கள் கூர்க் கரண்டிகளை எடுத்துத் தங்கள் கழுத்துகளில் வைத்துப் பார்த்தார்கள். எதற்கும் பழகி வைத்துக்கொள்ளலாமே என்பதுபோல. பக்கத்து அறை ஒலிவக்காரன் கூவினான்: "விட்றாதண்ணே! அழுத்திப் பிடி!"

வெயில் ஏறியது. இசக்கியின் கை மரத்தது. சூப்பிரண்டு நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். முற்றத்தில் சங்கு ஊதியது. மணி பன்னிரண்டு. பலகை ஒரு நொடி இருண்டு மீண்டும் எரிந்தது. ஒலிவம் முதலிடம். களி இரண்டாமிடம்.

கிழவர் மெல்ல மூச்சு விட்டார். இசக்கி காம்பைக் கீழே இறக்கப் போனான்.

"ஏன் இறக்குற?" என்றார் சூப்பிரண்டு. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பலகையைக் கை நீட்டிக் காட்டினார். அதில் எல்லா எண்களும் சுழியத்துக்கு வந்திருந்தன. "புது வருசம் பொறந்தாச்சு. முதல் சாவு யாருதோ அதுதான் முதல் சராசரி. தொண்ணூத்து நாலுல தொடங்கினா எவ்வளவு ராசியா இருக்கும்!"

அவர் பித்தளைக் கிண்ணத்தைக் கதவோரம் பத்திரமாக வைத்தார். "நல்லெண்ணெய் லேசுல கெட்டுப்போகாது. நீயும் மனுசன்தான். எப்பவாவது தூங்கித்தான ஆகணும்?"

அவர் போன பிறகு சாப்பாட்டு வண்டி வந்தது. டங்கென்று இரண்டு உருண்டைகள் விழுந்தன. இசக்கி மூன்று விரல் கையால் காம்பைக் கழுத்தில் பிடித்துக்கொண்டு, மறு கையால் களியைப் பிட்டுத் தின்றான். உலகத்தில் மனிதனை நெடுநாள் வைத்திருக்கும் இரண்டாவது சாப்பாடு தொண்டையில் சிக்கிச் சிக்கி இறங்கியது. மூன்று மணி வாக்கில் அவன் தலை ஆடத் தொடங்கியது. கண் சொருகியது.

"கொண்டாலே." கிழவர் கட்டிலில் நகர்ந்து மடியைக் காட்டினார். "தலைய வையி."

இசக்கி அப்பாவின் மடியில் தலை வைத்துப் படுத்தான். கிழவர் கரண்டிக் காம்பை வாங்கி, மகனின் கழுத்தில் ரத்தம் காய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்து, அதே இடத்தில் கூரை வைத்துப் பிடித்துக்கொண்டார். கண்ணை வராந்தாவை விட்டு எடுக்கவில்லை.

"ஒங்க கை நடுங்குதுப்பா," என்றான் இசக்கி, கண்ணை மூடியபடி.

"நடுங்கட்டும்லே. அவன் பாக்கட்டும்," என்றார் கிழவர். "நீ தூங்கு."